ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன்: புயல்களின் வட்டாரப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலுக்குக் கடல் புயலின் பெயர் மாறுகிறது. அதோடு அளக்கும் முறையும் எண் போடும் முறையும் மாறுகின்றன. பெயரைச் சரியாக எழுதிவிட்டு அளவில் தவறுவது செய்திகளில் நாள்தோறும் நடப்பதால், இங்கே இரண்டையும் சேர்த்தே விளக்கியிருக்கிறோம்.

ஹரிக்கேன், டைஃபூன், சைக்ளோன் மூன்றும் வெவ்வேறு வகைப் புயல்களா?

இல்லை, மூன்றும் ஒரே இனம். கடல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூடு மேற்பரப்போடு நின்றுவிடாமல் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்க வேண்டும். அந்த நீர் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது வெளியிடும் வெப்பம்தான் புயலுக்கு எரிபொருள். பூமியின் சுழற்சி காற்றை வளைப்பதால், வடக்கு அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகவும் தெற்கில் வலஞ்சுழியாகவும் சுற்றும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இந்த வளைப்பு போதாது. அதனால் 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே, நிலநடுக்கோட்டிலிருந்து 2 பாகைக்கும் குறைவான தூரத்தில் எழுந்த வாமெய் அப்படியோர் அரிய நிகழ்வு.

வானிலையாளர்கள் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்திருக்கும் பெயர் ‘வெப்பமண்டலப் புயல்’. எந்தக் கடல் என்று சொல்லாமல் எழுதும்போது இதையே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

எந்தக் கடலில் எந்தப் பெயர்?

வட அட்லாண்டிக், கரீபியக் கடல், மெக்சிகோ வளைகுடா, பன்னாட்டுத் தேதிக்கோட்டுக்குக் கிழக்கே உள்ள வட பசிபிக் ஆகியவற்றில் ஹரிக்கேன். தேதிக்கோட்டுக்கு மேற்கே, ஆசியக் கரைவரை உள்ள வட பசிபிக்கில் டைஃபூன். வட இந்தியப் பெருங்கடல், தென் இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியாவைச் சுற்றிய கடல்கள், தென் பசிபிக் ஆகிய எல்லாவற்றிலும் சைக்ளோன்.

பசிபிக்கின் நடுவே ஓடும் 180 பாகைக் கோடுதான் ஹரிக்கேனையும் டைஃபூனையும் பிரிக்கிறது. கோட்டைத் தாண்டும் நொடியில் புயலுக்குள் எதுவும் மாறுவதில்லை. அறிக்கை விடும் மையம்தான் மாறுகிறது. 2023 ஆகஸ்டில் டோரா கிழக்குப் பசிபிக்கில் ஹரிக்கேனாக இருந்து, கோட்டைக் கடந்து டைஃபூன் டோரா ஆனது. 1994இல் ஜான் என்ற புயல் ஹரிக்கேனாகத் தொடங்கி, கோட்டைத் தாண்டி டைஃபூனாகி, மறுபடியும் கிழக்கே திரும்பியது.

எவ்வளவு வேகம் வந்தால் இந்தப் பெயர்கள் பொருந்தும்?

இங்கேதான் முதல் குழி இருக்கிறது. 34 நாட், அதாவது மணிக்கு சுமார் 63 கி.மீ. நீடித்த காற்று வீசினால் பொதுவாகத் தனிப்பெயர் சூட்டுவார்கள். (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ.) ஹரிக்கேன், டைஃபூன் என்ற பட்டங்களுக்கு 64 நாட், அதாவது 119 கி.மீ. தேவை. அதுவரை அது வெறும் ‘டிராபிக்கல் ஸ்டார்ம்’. ஆகவே அட்லாண்டிக்கில் 90 கி.மீ. வேகப் புயலை ஹரிக்கேன் என்று எழுதினால் பிழை.

சைக்ளோன் என்ற சொல்லுக்கு ஒரே வாசல் கிடையாது. வட இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் 34 நாட்டிலேயே அந்தப் பெயர் வந்துவிடும். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில், அதாவது மடகாஸ்கர், மொரிஷியஸ், ரீயூனியன் பக்கம், 34 முதல் 47 நாட்வரை மிதமான வெப்பமண்டலப் புயல், 48 முதல் 63 வரை கடுமையான புயல். 64 நாட்டைத் தொட்டால்தான் ‘வெப்பமண்டல சைக்ளோன்’.

ஜப்பானிய மொழியில் இன்னொரு சிக்கல். அவர்களின் ‘தைஃபூ’ 34 நாட்டிலேயே தொடங்குகிறது. ஜப்பானியச் செய்தியில் தைஃபூ என்று வரும் ஒரு புயல், அதே ஜப்பான் வானிலை மையத்தின் ஆங்கில அறிக்கையில் டைஃபூனாக இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக எண்ணி மொழிபெயர்த்தால் புயலுக்கு இல்லாத பலத்தைக் கொடுத்துவிடுவோம்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

ஹரிக்கேன், கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் சொன்ன ‘ஹுராக்கான்’. ஸ்பானியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

டைஃபூன் பல ஆறுகள் கலந்த சொல். கிரேக்கத்தில் ‘தைஃபோன்’, அரபியிலும் பாரசீகத்திலும் ‘தூஃபான்’, போர்ச்சுகீசிய மாலுமிகள் வாயில் ‘தூஃபாவ்’, தென்சீனத்தில் பெருங்காற்றைக் குறிக்கும் ‘தாய் ஃபுங்’. ஒலியும் பொருளும் ஒத்துப்போனதால் இவை ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன. தெலுங்கில் இன்றும் புயலை ‘துஃபானு’ என்றுதான் சொல்கிறார்கள். டைஃபூனின் உறவுச்சொல் ஒன்று, சைக்ளோன் என்ற சொல் பிறந்த வங்கக் கடலின் கரையிலேயே வாழ்கிறது.

மூன்றில் ஆள் யார், ஆண்டு எது என்று சொல்லக்கூடிய சொல் சைக்ளோன் மட்டும்தான். கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய கையேட்டில் அதை முன்வைத்தார். சுருண்ட பாம்பின் வளையத்தை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். காற்று வட்டமாகச் சுற்றுகிறது என்பதை மட்டும் சொல்லும், வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாத சொல்லாக அது இருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1853இல் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டும் திட்டத்தை எதிர்த்து, புயல் அலை அதை விழுங்கிவிடும் என்று அவர் கவர்னர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார். துறைமுகம் கட்டப்பட்டது, 1867இல் புயல் அதைச் சிதைத்தது. சொல்லை எடுத்துக்கொண்ட உலகம் எச்சரிக்கையையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

வேகம் பேசாத சொல் என்பதால் சைக்ளோனுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. குளிர்நாடுகளில் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் இடத்தில் உருவாகும் தாழ்வழுத்தச் சுழலையும் வானிலையியல் சைக்ளோன் என்றே அழைக்கிறது. குளிர்காலச் செய்திகளில் வரும் ‘பாம் சைக்ளோன்’ அந்த வகை. அதற்கும் சூடான கடலில் பிறக்கும் புயலுக்கும் தொடர்பில்லை.

தமிழில் புயல் என்பதா, சூறாவளி என்பதா?

இரண்டும் சரி, வழக்குதான் வேறு. தமிழ்நாட்டுச் செய்திகளில் கடலில் பிறப்பது ‘புயல்’. இலங்கைத் தமிழில் அதையே ‘சூறாவளி’ என்பார்கள். 1978இல் கிழக்குக் கரையைத் தாக்கியதை மட்டக்களப்புச் சூறாவளி என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். பழந்தமிழில் ‘புயல்’ என்றால் மேகம், மழை. காற்றைக் குறித்தது ‘வளி’. அந்தச் சொல் சூறாவளிக்குள் இன்னும் இருக்கிறது.

குழப்பம் வருவது டார்னடோவைத் தமிழாக்கும்போது. நிலத்தின்மேல் இடிமேகத்திலிருந்து தும்பிக்கைபோல் இறங்கும் அந்தச் சுழலையும் சிலர் சூறாவளி என்றும் புயல் என்றும் எழுதுகிறார்கள். டார்னடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர், ஆயுள் பெரும்பாலும் நிமிடக் கணக்கு. வெப்பமண்டலப் புயலின் அகலம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், ஆயுள் நாள் கணக்கு. ஒருவர் பதுங்க வேண்டிய விதமே இரண்டுக்கும் வேறு. டார்னடோவுக்குச் ‘சுழல்காற்று’ என்றோ ‘டார்னடோ’ என்றோ எழுதுவது நல்லது. பழைய அமெரிக்க வழக்கில் டார்னடோவைச் சைக்ளோன் என்று சொன்னதுண்டு. அந்தக் காலத்து ஆங்கில எழுத்துகளைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள்.

வில்லி-வில்லி என்பது ஆஸ்திரேலியப் புயலா?

பொது அறிவுப் பட்டியல்களில் தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்படும் பிழை இது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழி ஒன்றிலிருந்து வந்த இந்தச் சொல், ஒரு காலத்தில் அந்நாட்டின் வடமேற்குக் கரைப் புயல்களுக்கும் வழங்கியது உண்மை. இன்று அங்கே வில்லி-வில்லி என்றால் வெயிலில் காய்ந்த தரையில் எழும்பும் புழுதிச் சுழல் மட்டுமே. புயலை எல்லாரும் சைக்ளோன் என்றுதான் சொல்கிறார்கள். தேர்வில் ‘ஆஸ்திரேலியா – வில்லி-வில்லி’ என்ற விடையை எதிர்பார்க்கலாம். செய்தியில் எழுதக் கூடாது.

வேறு என்ன வட்டாரப் பெயர்கள் உண்டு?

பிலிப்பைன்ஸில் ‘பாக்யோ’. அங்குள்ள பாகியோ நகரின் பெயரும் இதுவும் ஒன்றென்று நினைப்பார்கள்; நகரின் பெயர் பாசியைக் குறிக்கும் வேறு சொல்லிலிருந்து வந்தது. 1911 ஜூலையில் ஒரு புயலின்போது அந்த நகரில் ஒரே நாளில் 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதால் இரண்டு சொற்களும் இன்னும் நெருங்கிவிட்டன.

மெக்சிகோவின் மேற்குக் கரையில், அக்டோபர் 4ஆம் தேதி புனித பிரான்சிஸ் திருநாளையொட்டி வரும் புயல்களை ‘கோர்டொனாசோ’ என்பார்கள். புனிதரின் இடுப்புக் கயிற்றால் விழும் அடி என்று பொருள். வங்காளத்தில் ‘கூர்ணிஜொர்’, சுழலும் புயல். ஒடியாவில் ‘பாத்யா’, 1999இல் வந்தது அவர்களுக்கு ‘மகாபாத்யா’. இந்தியில் ‘சக்ரவாத்’. மலையாளத்தில் ‘சுழலிக்காற்று’. சுற்றுவதைச் சொல்லும் சொல்லைப் பல மொழிகள் தனித்தனியாகத் தேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். பிடிங்டன் கிரேக்கத்தில் தேடியது வங்காளியில் பக்கத்திலேயே இருந்தது.

‘கேட்டகரி 3’ என்றால் எல்லா நாட்டிலும் ஒரே பலமா?

அல்லவே அல்ல. உலகில் பலரும் அறிந்தது அமெரிக்காவின் சஃபீர்–சிம்ப்சன் அளவுகோல். அதில் 1 என்பது 119 முதல் 153 கி.மீ., 2 என்பது 154 முதல் 177, 3 என்பது 178 முதல் 208, 4 என்பது 209 முதல் 251, அதற்கு மேல் 5.

ஆஸ்திரேலியாவும் 1 முதல் 5 வரை எண் போடுகிறது. ஆனால் அங்கே 1 தொடங்குவது 63 கி.மீ. வேகத்திலேயே. 2 என்பது 89 முதல் 117, 3 என்பது 118 முதல் 159, 4 என்பது 160 முதல் 199, 200ஐத் தொட்டால் 5. அதாவது ஆஸ்திரேலியாவின் 3, அமெரிக்காவின் 1 தொடங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் 5ஐ எட்டிய ஒரு புயல் அமெரிக்கக் கணக்கில் 4 ஆக இருக்கலாம். ‘கேட்டகரி 3 புயல் குவீன்ஸ்லாந்தைத் தாக்கியது’ என்ற செய்தியோடு அமெரிக்க அட்டவணையை ஒட்டிப் போட்டால் வாசகர் முற்றிலும் தவறான படத்தைப் பெறுவார்.

வட இந்தியப் பெருங்கடலுக்கு எண்ணே கிடையாது, சொற்கள்தான். அதிகாரப்பூர்வ அறிக்கையில் இல்லாத ‘கேட்டகரி’ எண் செய்தியில் வந்தால், யாரோ அமெரிக்க அளவை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

தீவிரம், மிகத் தீவிரம், அதி தீவிரம்: எது பெரியது?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் படிகள் நாட் கணக்கில் இவை:

- காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 17–27
- ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 28–33
- புயல்: 34–47
- தீவிரப் புயல்: 48–63
- மிகத் தீவிரப் புயல்: 64–89
- அதி தீவிரப் புயல்: 90–119
- சூப்பர் புயல்: 120ம் அதற்கு மேலும்

17 நாட்டுக்குக் கீழே இருப்பது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. ‘பகுதி’, ‘மண்டலம்’ என்ற இரண்டு சொற்களுக்கிடையே ஒரு முழுப் படி இருக்கிறது. அவசரத்தில் மாற்றிப் போடப்படுவது இதுதான்.

‘மிக’வும் ‘அதி’யும் பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும். இந்தப் பட்டியலில் ‘அதி’ ஒரு படி மேலே. எல்லா இடத்திலும் இந்தச் சொற்கள் ஒரே சீராகக் கையாளப்படுவதில்லை. ஆகவே தமிழ் அறிக்கையில் ஐயம் வந்தால் அடைமொழியை விட்டுவிட்டு வேகத்தைப் பாருங்கள். உலக அளவில் ஒப்பிடவும் இது உதவும்: ஹரிக்கேன், டைஃபூன் ஆகியவற்றின் 64 நாட் வாசல், இங்கே மிகத் தீவிரப் புயல் தொடங்கும் இடம்.

சூப்பர் டைஃபூனும் சூப்பர் புயலும் ஒன்றா?

பெயர் ஒத்தது, எல்லை வேறு. அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் சேர்ந்து நடத்தும் டைஃபூன் எச்சரிக்கை மையம் 130 நாட்டில் சூப்பர் டைஃபூன் என்கிறது. ஹாங்காங் 185 கி.மீ. வேகத்தில் சொல்கிறது. பிலிப்பைன்ஸும் 2022இல் தன் எல்லையை 185க்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் 220க்கு மேல் போனால்தான் அந்தப் பட்டம். இதனால் பழைய பிலிப்பைன்ஸ் புயல்களோடு புதியவற்றை ‘சூப்பர்’ என்ற சொல்லை வைத்து எண்ணிப் பார்ப்பது பயனற்றது. இந்தியாவின் சூப்பர் புயலுக்கு 120 நாட். காற்றைச் சராசரி எடுக்கும் கால அளவும் இவற்றில் வேறுபடுகிறது. அது அடுத்த கேள்வி.

ஒரே புயலுக்கு இரண்டு மையங்கள் இரண்டு வேகம் சொல்வது ஏன்?

காற்று சீராக வீசுவதில்லை. ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரச் சராசரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ‘நீடித்த வேகம்’ மாறும். அமெரிக்க மையங்கள் 1 நிமிடச் சராசரி எடுக்கின்றன. இந்தியா 3 நிமிடம். ஜப்பான், ஆஸ்திரேலியா, ஃபிஜி, ரீயூனியன் ஆகியவை உலக வானிலை அமைப்பின் பரிந்துரைப்படி 10 நிமிடம். நேரம் குறையக் குறைய எண் கூடும். கடலின்மேல் 10 நிமிடச் சராசரி 100 என்றால் 1 நிமிடச் சராசரி சுமார் 107 வரும். பழைய வழக்கத்தில் 114 என்று கணக்கிடுவார்கள்.

2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையானை எடுத்துக்கொள்வோம். ஜப்பான் வானிலை மையம் சொன்னது 230 கி.மீ. அமெரிக்க டைஃபூன் மையம் சொன்னது 315. 230ஐப் பழைய வழக்கப்படி மாற்றினாலும் 262தான் வருகிறது. மீதி 50க்கு மேல் எங்கிருந்து வந்தது? வடமேற்குப் பசிபிக்கில் விமானம் புயலுக்குள் பறந்து அளக்கும் வழக்கமான பணி 1987இல் நின்றுபோனது. அதன்பின் செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் வடிவத்தையும் வெப்பநிலையையும் பார்த்து வேகத்தை மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டை வேகமாக மாற்ற ஒவ்வொரு மையமும் தனித்தனி அட்டவணை வைத்திருக்கிறது. ஆக, வேறுபாட்டில் ஒரு பங்கு நிமிடக் கணக்கு, ஒரு பங்கு மதிப்பீட்டு முறை. வெறும் பெருக்கல் எண்ணால் இரண்டையும் சமன்செய்ய முடியாது. இரண்டு புயல்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே மையத்தின் எண்ணை எடுங்கள்.

‘மணிக்கு 80 முதல் 90 கி.மீ., இடையிடையே 100 கி.மீ.’ என்ற தொடரில் கடைசி எண் சில நொடிகள் நீடிக்கும் திடீர் வீச்சு. தலைப்பில் அதை மட்டும் எடுத்துப் போட்டால் அது புயலின் வேகம் ஆகாது.

தனிப்பெயர்களை யார் வைக்கிறார்கள்?

உலக வானிலை அமைப்பின்கீழ் மியாமி, ஹொனலூலு, டோக்கியோ, புதுதில்லி, ரீயூனியன், ஃபிஜியின் நாடி ஆகிய ஆறு இடங்களில் வட்டார மையங்கள் உள்ளன. ஆஸ்திரேலியா, பப்புவா நியூ கினி, இந்தோனேசியா, நியூசிலாந்து ஆகியவை தத்தம் கடற்பகுதியைப் பார்த்துக்கொள்கின்றன. பட்டியல்களை அந்தந்த வட்டார நாடுகள் கூடி முடிவுசெய்கின்றன. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் மட்டும் ஒரு பிரிவினை: பலத்தைக் கணிப்பது ரீயூனியன், பெயர் சூட்டுவது மொரிஷியஸ், மடகாஸ்கர் வானிலைத் துறைகள்.

அட்லாண்டிக்கில் ஆறு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 21 பெயர்கள், ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சுழலும். ஆங்கில எழுத்துகளில் க்யூ, யூ, எக்ஸ், ஒய், இசட் ஐந்துக்கும் பெயர் கிடையாது. பட்டியல் தீர்ந்ததால் 2005இலும் 2020இலும் கிரேக்க எழுத்துகளுக்குப் போனார்கள். ஒலி ஒத்த எழுத்துகள் மக்களைக் குழப்பியதால் 2021இல் அதைக் கைவிட்டு மாற்றுப் பெயர்ப்பட்டியல் வைத்தார்கள். 1953 முதல் பெண் பெயர்கள் மட்டுமே இருந்தன. 1979இல் ஆண் பெயர்களும் சேர்ந்தன. புயலுக்கு ஆள்பெயர் வைக்கும் பழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குவீன்ஸ்லாந்தின் கிளெமென்ட் ராக் தொடங்கியிருந்தார். பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயரையும் வைத்தார்.

வடமேற்குப் பசிபிக்கில் 2000 முதல் 14 உறுப்பு நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் தலா 10 பெயர் கொடுத்து, மொத்தம் 140. ஆண்டு பிறந்தாலும் பட்டியல் முதலிலிருந்து தொடங்காது. விட்ட இடத்திலிருந்து போகும். பெரும்பாலும் ஆள்பெயர்கள் அல்ல: பூ, விலங்கு, விண்மீன் கூட்டம். ஜப்பான் கொடுத்த ‘உசாகி’ வானில் உள்ள முயல்.

வட இந்தியப் பெருங்கடலின் பட்டியல் எப்படி வேலை செய்கிறது?

2004 செப்டம்பரில் ஒனில் என்ற பெயரோடு தொடங்கியது. அப்போது 8 நாடுகள், 64 பெயர்கள். 2020 மே மாதம் அம்பன் வந்ததோடு அது தீர்ந்தது. ஈரான், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் சேர்ந்து 13 நாடுகளான பின், தலா 13 பெயர் வீதம் 169 பெயர்கள் 2020 ஏப்ரலில் வெளியாயின. நாடுகள் ஆங்கில அகரவரிசையில் நிற்கும்: முதலில் வங்கதேசம், பிறகு இந்தியா, ஈரான், மாலத்தீவு, இப்படியே ஏமன்வரை, மறுபடியும் வங்கதேசம். நிசர்கா, கதி, நிவர், புரெவி என்று வந்தது இந்த வரிசைதான். அட்லாண்டிக்கைப்போல இங்கே சுழற்சி இல்லை. ஒரு பெயர் ஒருமுறைதான்.

பெயர் 8 ஆங்கில எழுத்துக்குள் இருக்க வேண்டும். அரசியல், மதம், பண்பாடு, ஆண்-பெண் எனப் பக்கம் சாயக் கூடாது. விதி ஏன் தேவை என்பதற்கு 2013 சான்று: இலங்கை கொடுத்த ‘மகாசேன்’ நாட்டுக்கு வளம் சேர்த்த அரசனின் பெயர் என்று அங்கேயே எதிர்ப்பு எழ, அந்தப் புயல் ‘வியாரு’ ஆனது. இந்தியா கொடுத்த பெயர்களில் ‘முரசு’ம் ‘நீர்’உம் இருக்கின்றன.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒலிப்பு தரப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் தவறும். ‘ஃபெங்கல்’ என்று தோன்றுவது ‘ஃபெஞ்சல்’. ‘மோச்சா’ என்று தோன்றுவது ஏமனின் காப்பித் துறைமுகமான ‘மோக்கா’. மியான்மர் மொழியில் பல்லியைக் குறிக்கும் பெயரைத் ‘தவுக்தே’ என்று எழுதுவதைவிட ‘தவ்தே’ என்பது நெருக்கம்.

பிலிப்பைன்ஸ் புயல்களுக்கு ஏன் இரண்டு பெயர்?

அந்நாட்டு வானிலைத் துறை 1963 முதல் தன் கடற்பகுதிக்குள் வரும் புயல்களுக்கு உள்நாட்டுப் பெயர் வைக்கிறது. உலகுக்கு ஹையான், அங்கே யோலாண்டா. உலகுக்கு மாங்குட், அங்கே ஓம்போங். வெறும் தாழ்வு மண்டலமாக இருக்கும்போதே அவர்கள் பெயர் வைத்துவிடுவார்கள். டோக்கியோ 34 நாட்வரை காத்திருக்கும். ஆகவே சில நாள் உள்நாட்டுப் பெயர் மட்டும் இருக்கும். உயிரிழப்பு எண்ணிக்கையைக் கூட்டும்போது ஒரே புயலை இரண்டாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போனால் பெயர் மாறுமா?

பட்டம் மாறும், தனிப்பெயர் இன்று பெரும்பாலும் மாறாது. 2023 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா பெயரிட்ட ஃபிரெடி, இந்தியப் பெருங்கடலைக் குறுக்காகக் கடந்து மொசாம்பிக்வரை அதே பெயரில் போனது. 2019 ஜனவரியில் பாபுக் தென்சீனக் கடலிலிருந்து தாய்லாந்தைத் தாண்டி அந்தமான் கடலில் அதே பெயரில் நுழைந்தது. முன்பு மாற்றியதுண்டு: 2000இல் ஆஸ்திரேலியாவின் லியோன், மேற்கே வந்ததும் எலைன் ஆனது.

நிலத்தைக் கடக்கையில் விதி வேறு. சுழல் உயிரோடு மறுகரை சேர்ந்தால் பழைய பெயர். சிதைந்து, மிச்சத்திலிருந்து புதிதாகத் திரண்டால் புதுப்பெயர். 2018இல் கஜா அரபிக்கடலில் இறங்கியபோதும் கஜாதான். 2021இல் குலாப் நிலத்தில் தளர்ந்து, அரபிக்கடலில் மீண்டும் திரண்டபோது ஷாஹீன் ஆகி ஓமனைத் தாக்கியது.

பெயரை ஓய்வு பெறச் செய்வது எப்போது?

பேரழிவு தந்த புயலின் பெயரை வட்டார நாடுகள் கூட்டத்தில் கேட்டு நீக்கலாம். அதன் இடத்தில் வேறு பெயர் வரும்; அட்லாண்டிக்கில் அது அதே எழுத்தில் தொடங்கும். கத்ரீனா, ஹையான் அப்படிப் போயின. ஹரிக்கேன் ஆகாமலேயே நீக்கப்பட்டவையும் உண்டு: 2001இன் அலிசன், 2015இன் எரிகா. இரண்டிலும் கொன்றது மழைவெள்ளம். பட்டம் காற்றை மட்டுமே சொல்கிறது. மழையையும் கடல் பொங்குவதையும் சொல்வதில்லை.

தென் அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும்?

தென் அட்லாண்டிக்கில் அரிது. 2004 மார்ச்சில் பிரேசிலின் சாண்டா கத்தரீனா மாநிலத்தைத் தாக்கியதை மக்கள் கத்தரீனா என்றே அழைத்தார்கள். 2011 முதல் பிரேசில் கடற்படை பெயர் சூட்டுகிறது. மத்தியதரைக் கடலில் புயல்போலக் கண் திறக்கும் சிறு சுழல்களுக்கு ‘மெடிகேன்’ என்று ஒட்டுச்சொல் உண்டு. 2020இல் கிரேக்கத்தைத் தாக்கிய இயானோஸ் ஓர் எடுத்துக்காட்டு.

‘ஹரிக்கேன் வேகக் காற்று’ என்றால் அங்கே ஹரிக்கேன் இருக்கிறதா?

கட்டாயமில்லை. பூஃபோர்ட் அளவுகோலின் 12ஆம் படிக்கு அதுவே பெயர்: 64 நாட், எந்தக் கடலானாலும். பேரிங் கடலின் குளிர்காலப் புயலுக்கும் அந்த எச்சரிக்கை வரும்.

எதிர்மாறாகவும் நடக்கும். 2012 அக்டோபரில் சாண்டி நியூ ஜெர்சியில் கரையேறுமுன் தன் வெப்பமண்டலக் குணத்தை இழந்ததால், அறிக்கையில் ஹரிக்கேன் பட்டம் போய்விட்டது. ஹரிக்கேன் என்றால் வீட்டுக்காரர் கூடுதல் பங்கைத் தாமே ஏற்க வேண்டும் என்று பல காப்பீடுகளில் இருந்ததால், ஒரு சொல் பெரும்பணத்தை முடிவுசெய்தது. எச்சரிக்கை வகை மாறியதும் குழப்பம் தந்தது. பட்டம் மாறினாலும் ஹரிக்கேன் எச்சரிக்கையைத் தொடரலாம் என்று 2013இல் விதியைத் திருத்தினார்கள்.

துறைமுகக் கூண்டு எண் புயலின் பலத்தைக் காட்டுகிறதா?

ஓரளவே. இந்தியத் துறைமுகங்களில் 1, 2 என்பவை தொலைவில் உள்ள ஆபத்துக்கு. 3, 4 உள்ளூர் மோசமான வானிலைக்கு. 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரும் ஆபத்து. அந்த மும்மூன்றுக்குள் எண் பலத்தைச் சொல்வதில்லை: புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக அதன்மேலேயே கடக்குமா என்பதைச் சொல்கிறது. 8 ஏற்றிய துறைமுகத்தைவிட 9 ஏற்றிய துறைமுகத்தில் காற்று பலம் என்று எழுதுவது தவறு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. பட்டியலிலேயே அஞ்ச வேண்டிய எண் அது.

வெளிநாட்டுப் புயல் செய்தியைத் தமிழில் எழுதுமுன் எதைச் சரிபார்ப்பது?

முதலில், எந்த மையத்தின் அறிக்கை என்று பாருங்கள். அது தெரிந்தால் சராசரி நிமிடமும் அளவுகோலும் தெரிந்துவிடும். அடுத்து அலகு: நாட்டா, மைலா, கிலோமீட்டரா? 100 நாட் என்பது 185 கி.மீ., 100 மைல் என்பது 161 கி.மீ. பிறகு நேரம்: அறிக்கைகள் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் வருகின்றன, இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் தேதியே மாறலாம். பட்டத்தை அந்தக் கடலின் பெயரிலேயே விடுங்கள்: ‘ஹரிக்கேன்’ என்று ஒருமுறை எழுதி, புயல் என்று அடுத்த வரியில் தொடரலாம். கேட்டகரி எண் வந்தால் யாருடைய அளவுகோல் என்று கூடவே எழுதி, கி.மீ. வேகத்தையும் பக்கத்தில் போடுங்கள்.